வரைபடத்தில் காலத்தை ஏற்றுவது எப்படி: டர்பன் எடுத்துக்காட்டுகளோடு முழுமையான வழிகாட்டி

க்யூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளைப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது கடிகாரப் படம் போட்ட பொத்தானை. ஆண்டு நகர நகர வரைபடம் மாறுவதைப் பார்க்க ஆசை. இங்கே அந்தப் பொத்தான் எட்டாம் படியில்தான் வருகிறது. அதற்கு முந்தைய ஏழும் பெரும்பாலும் அட்டவணை வேலை. அங்கே பிசகினாலும் படம் அழகாக ஓடும். காட்டுவது மட்டும் பொய்யாக இருக்கும்.

எடுத்துக்காட்டுகள் எல்லாம் தென்னாப்பிரிக்காவின் டர்பனையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்தவை. சங்கத்துக்காகக் கோயில்களையும் பழைய குடியிருப்புகளையும் வரைபவருக்கும், நகராட்சித் தரவில் வேலை செய்பவருக்கும் படிவரிசை ஒன்றேதான்.

## தொடங்குமுன் வேண்டியவை

க்யூஜிஐஎஸ் 3.14 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு. கடிகாரப் பொத்தான் 2020இல் அந்தப் பதிப்பில்தான் வந்தது.

தரவைச் சேமிக்க, தனி ஆள் என்றால் ஜியோபேக்கேஜ் என்ற ஒற்றைக் கோப்பு வடிவம் போதும். இரண்டு பேர் சேர்ந்து திருத்துவதானால் போஸ்ட்ஜிஐஎஸ் (போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் வரைபட நீட்சி). ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவம் வேண்டவே வேண்டாம். அதன் தேதி ஃபீல்டில் (அட்டவணையின் நெடுவரிசையில்) நாள் மட்டும்தான் நிற்கும், மணி நிற்காது. ஃபீல்டு பெயருக்கு 10 பைட்டுதான் இடம். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட் தின்னும். 'தொடக்கம்' என்று எழுதினால் 'தொட' மட்டும் மிஞ்சும்.

தேதிகளை எக்செல்லில் தட்டி வைத்துக்கொண்டு பிறகு ஏற்றலாம் என்று நினைத்தால் ஒரு குழி காத்திருக்கிறது. எக்செல்லுக்கு 1900க்கு முந்தைய தேதி தெரியாது. 1875ஆம் ஆண்டுத் தேதியை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும்; வரிசைப்படுத்தும்போது அது கடைசிக்குப் போய்விடும். லிப்ரே ஆஃபிஸ் கால்க்கில் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று, ஆதாரப் பட்டியல். ஒவ்வொரு வரைபடத்துக்கும் வான்படத்துக்கும் ஒரு எண் கொடுங்கள். அதில் உள்ள தேதி எதன் தேதி என்றும் எழுதுங்கள்: அளந்த நாளா, படம் எடுத்த நாளா, அச்சிட்ட ஆண்டா? அளந்து பல வருடம் கழித்து அச்சான தாள்கள் உண்டு.

## 1. கேள்வியை முதலில் எழுதுங்கள்

காலம் சேர்ந்த வரைபடத்திடம் கேட்பவை மூன்று வகை. குறிப்பிட்ட நாளில் இந்த இடம் எப்படி இருந்தது? இரண்டு நாட்களுக்கு இடையில் என்ன மாறியது? இன்னது எப்போது நடந்தது?

முதல் வகை மட்டும் போதுமென்றால் ஆண்டுக்கு ஒரு லேயர் என்று தனித்தனிப் பிரதி எடுத்து வைத்தாலே வேலை முடிந்தது. மற்ற இரண்டுக்கும் அது உதவாது. இரண்டு பிரதிகளிலும் உள்ள ஒரே வீடு ஒரே வீடுதான் என்று கணினிக்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல, அட்டவணையின் ஒவ்வொரு வரிசைக்கும் (கிடை வரிக்கும்) தொடக்கமும் முடிவும் எழுதும் பதிப்பு வரிசை முறை வேண்டும். இனி வருவதெல்லாம் அந்த முறைக்கானது.

நிலநடுக்கம், விபத்து, மழைப்பதிவு போன்ற நொடிப்பொழுது நிகழ்ச்சிகளுக்கு ஒரே ஒரு நேர ஃபீல்டு போதும்.

## 2. எது 'அதே பொருள்' என்று முடிவு செய்யுங்கள்

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. உம்பிலோ அம்பலவாணர் ஆலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1875இல் உம்பிலோ ஆற்றங்கரையில் எழுந்தது. 1905 வெள்ளம் அதைக் கொண்டுபோயிற்று. இப்போதுள்ள கட்டடம் 1947இல் பெல்லேர் ரோட்டில் எழுந்தது. அந்த ரோட்டின் பெயரும் மாறி இன்று வுசி ம்சிமேலா ரோடு.

புதியவர் செய்வது: இன்றைய இடத்தில் ஒரு புள்ளி, தொடக்கம் 1875. உடனே 1890ஆம் ஆண்டு வரைபடத்தில், அப்போது ஒன்றுமே இல்லாத இடத்தில் கோயில் முளைத்துவிடும். இன்னொருவர் இரண்டு கோயில்களாக எழுதுவார். அப்போது 1905இல் ஒன்று அழிந்தது, 1947இல் சம்பந்தமில்லாத வேறொன்று பிறந்தது என்று கணக்காகும். மூன்றாமவர் இடைப்பட்ட 42 வருடத்தைக் காலியாக விட மனம் வராமல் பழைய புள்ளியை 1947 வரை இழுத்துவிடுவார்.

சரியான வழி மூன்று அட்டவணை. முதலாவதில் ஆலயம் என்ற அமைப்பு மட்டும்: எண் 12, பெயர், அவ்வளவே. இரண்டாவதில் அதன் இடங்கள்: எண் 12, ஆற்றங்கரைப் புள்ளி, 1875 முதல் 1905; எண் 12, பெல்லேர் ரோடு புள்ளி, 1947 முதல் காலி. இடைப்பட்ட காலத்துக்கு வரிசையே கிடையாது. மூன்றாவதில் சாலைப் பெயர்கள், தத்தம் காலவரம்போடு.

பெயரை ஏன் தனியே வைக்க வேண்டும்? பெயர் மாறும் நாளும் வடிவம் மாறும் நாளும் ஒன்றாக அமைவது அபூர்வம். கிரே ஸ்ட்ரீட் 2008இல் டாக்டர் யூசுஃப் டாடூ ஸ்ட்ரீட் ஆனபோது ரோடு ஒரு அடிகூட நகரவில்லை. இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தால் பெயர் மாறும்போதெல்லாம் வடிவத்தையும் நகலெடுக்க நேரும். பிறகு ஒரு நகலைத் திருத்திவிட்டு மற்றதை மறந்துவிடுவீர்கள்.

எது மாறினால் பழைய பொருள் முடிந்தது, எது மாறினாலும் அதே பொருள் தொடர்கிறது என்ற விதியை ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். கூரை மாறினால் தொடர்கிறது. வேறு மனைக்குப் போனால் இட வரிசை முடிகிறது, அமைப்பு தொடர்கிறது. உங்கள் விதி வேறாக இருக்கலாம், பாதகமில்லை. ஆளுக்கொரு விதி இருந்தால்தான் ஆபத்து.

## 3. மனைகள்: பிரிவும் இணைப்பும்

தென்னாப்பிரிக்காவில் ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் சர்வேயர் ஜெனரல் அலுவலகம் தரும் 21 எழுத்துக் குறியீடு உண்டு. கடைசி 5 இலக்கம் போர்ஷன் (துண்டு) எண். அதற்கு முந்தைய 8 இலக்கம் மனை எண். தனித்துவமான குறியீடாயிற்றே, இதையே முதன்மைத் திறவுகோலாக (ஒவ்வொரு வரிசையையும் அடையாளம் காட்டும் ஃபீல்டாக) வைக்கலாம் என்று தோன்றும். வைக்காதீர்கள்.

காரணம் இதுதான். மனை 450ஐ வெட்டி ஒரு துண்டை விற்றால், வெட்டிய துண்டு போர்ஷன் 1. மிஞ்சியதற்குப் பெயர் 'மனை 450இன் மீதி'. அந்த மீதியின் போர்ஷன் இலக்கம் 00000தான், வெட்டுவதற்கு முன் முழு மனைக்கு இருந்த அதே இலக்கம். குறியீடு ஒன்று, வடிவம் இரண்டு. குறியீட்டைத் திறவுகோலாக வைத்தவர் புதிய வடிவத்தை ஏற்றும்போது பழைய வடிவம் சத்தமில்லாமல் அழிந்துபோகும்.

எனவே வரிசைக்கு உங்கள் சொந்த எண். குறியீடு இன்னொரு ஃபீல்டு. கூடவே ஒரு வம்சாவளி அட்டவணை: தாய் வரிசை எண், சேய் வரிசை எண், நிகழ்ச்சி (பிரிவு, இணைப்பு, எல்லைத் திருத்தம்), நாள். டர்பனின் சாட்ஸ்வொர்த் குடியிருப்பில் ஒரு மனை எந்தப் பண்ணை நிலத்திலிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போக வேறு வழியில்லை.

எந்த நாளை எழுதுவது? சர்வே வரைபடம் ஒப்புதலான நாள் ஒன்று. பத்திரப் பதிவகத்தில் பதிவான நாள் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே மாதங்களும் போகலாம், வருடங்களும் போகலாம். எல்லைதான் கேள்வி என்றால் முதலாவது, உரிமைதான் கேள்வி என்றால் இரண்டாவது. இரண்டு ஃபீல்டும் வைத்துக்கொண்டு காலவரம்புக்கு எது என்று தீர்மானியுங்கள். பாதி வரிசையில் ஒன்றும் மீதியில் மற்றதும் இருந்தால், தாய் முடிந்த பிறகும் சேய் பிறக்காத வெற்றிடங்கள் தோன்றும்.

## 4. காலத்தை எழுதும் விதம்

தொடக்க நாள் உள்ளே, முடிவு நாள் வெளியே. பழைய வரிசையின் முடிவும் புதிய வரிசையின் தொடக்கமும் ஒரே தேதியாக இருக்க வேண்டும். 31 டிசம்பரில் ஒன்றை முடித்து 1 ஜனவரியில் அடுத்ததைத் தொடங்கினால், மணிக்கணக்கில் பார்க்கும்போது நடுவில் ஒரு நாள் ஓட்டை. ஒரே தேதியை எழுதி இரு பக்கமும் உள்ளே என்று வைத்தால், அந்தத் தேதியில் இரண்டு வரிசையும் எண்ணப்படும்.

இன்னும் முடியாததற்கு முடிவைக் காலியாக விடுங்கள். 9999ஆம் ஆண்டை எழுதும் பழைய பழக்கம் வேண்டாம். சராசரி ஆயுள் கணக்குப் போட்டால் கோயில்களுக்கு எட்டாயிரம் ஆண்டு வயது வரும்.

அடுத்தது இரண்டாவது காலம். உலகில் நடந்த காலம் ஒன்று, அட்டவணையில் நீங்கள் பதிந்த காலம் இன்னொன்று. ஆற்றங்கரைக் கோயிலுக்கு நல்ல வரைபடம் கிடைத்து, புள்ளி 40 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்று தெரிகிறது என வையுங்கள். கோயில் நகரவில்லை, நம் அறிவுதான் நகர்ந்தது. இதை இடமாற்றமாக எழுதினால் வரைபடம் கோயிலை நகர்த்திக் காட்டும். ஆகவே ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன் ஒரே கேள்வி: மாறியது உலகமா, நம் அறிவா? உலகம் என்றால் உலகில் நடந்த காலத்தின் வரம்பை மூடுங்கள். அறிவு என்றால் பதிவுக் காலத்தை மூடி, உலகில் நடந்த காலத்தின் வரம்பை மாற்றாமல் புதிய வரிசை எழுதுங்கள்.

மணி அளவில் வேலை என்றால் நேர மண்டலத்தையும் சேமியுங்கள். தென்னாப்பிரிக்க நேரம் உலகப் பொது நேரத்தைவிட 2 மணி முன்னால். 12 ஏப்ரல் 2022 நள்ளிரவு தாண்டி 12.30க்கு நடந்த மண்சரிவு, பொது நேரத்தில் 11 ஏப்ரல் இரவு 10.30. செயற்கைக்கோள், மழைமானி, அழைப்புப் பதிவு மூன்றும் ஒரே மண்டலத்தில் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

## 5. தேதி உறுதியாகத் தெரியாதபோது

'1947' என்று மட்டும் தெரிந்தால் கணினி 1 ஜனவரி 1947 என்று வாங்கிக்கொள்ளும். ஆறு மாதம் கழித்து அந்த ஜனவரி 1 உண்மையா, நிரப்பலா என்று எவராலும் சொல்ல முடியாது. தேதிக்குப் பக்கத்தில் நுணுக்கம் என்று ஒரு ஃபீல்டு வையுங்கள்: நாள், மாதம், ஆண்டு, பத்தாண்டு.

வான்படத்திலிருந்து எடுக்கும் தேதிக்கு அதுவும் போதாது. தேசியப் புவிவெளித் தகவல் அலுவலகத்தின் வான்படங்கள் 1930களிலிருந்து கிடைக்கின்றன; பழைய இந்தியக் குடியிருப்புகளுக்கு இதைவிட நல்ல சாட்சி குறைவு. ஆனால் படம் சொல்வது 'அன்று இருந்தது' என்று மட்டும்தான். ஒரு வீடு 1953 படத்தில் இல்லை, 1959 படத்தில் இருக்கிறது என்றால் தொடக்கம் 1959 அல்ல. 1953க்கும் 1959க்கும் நடுவே. இதற்கு நான்கு தேதிகள் வேண்டும்: தொடக்கத்தின் மிக முந்தைய நாள், மிகப் பிந்தைய நாள், முடிவுக்கும் அதேபோல் இரண்டு.

இதனால் இரண்டு வரைபடம் எடுக்கலாம். 1956இல் நிச்சயமாக இருந்தவை, 1956இல் இருந்திருக்கக்கூடியவை. முதலாவதை அடர்நிறத்திலும் இரண்டாவதை மங்கலாகவும் போடுங்கள்.

இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழு வாழிடச் சட்டம் 1950இல் வந்தது, 1991இல் நீங்கியது. அவை நாள் குறித்த நிகழ்ச்சிகள். டர்பனின் பழைய இந்தியக் குடியிருப்பான மேகசின் பாராக்ஸின் மக்கள் 1960களில் சாட்ஸ்வொர்த்துக்குப் போனது அப்படியல்ல. தொகுதி தொகுதியாக நடந்த நீண்ட பெயர்ப்பு. அதற்கு ஒற்றைத் தேதி எழுதினால் ஒரே இரவில் எல்லாரும் மூட்டை கட்டியதாகப் படம் காட்டும்.

## 6. இடம் மாறாமல் மாறியதாகத் தெரியும் பிழை

தென்னாப்பிரிக்கா 1 ஜனவரி 1999இல் கேப் டேட்டம் என்ற பழைய நில அளவை அடிப்படையை விட்டு ஹார்ட்டபீஸ்ட்ஹூக்94க்கு மாறியது. டர்பனுக்கு உரிய பட்டை லோ31 (31 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை நடுவாகக் கொண்டது). மென்பொருளில் தேர்ந்தெடுக்கும் இ.பி.எஸ்.ஜி. அமைப்பு எண்கள்: பழையது 22291, புதியது 2054. பழைய லோ எண்களைப் புதிய அமைப்பில் அப்படியே போட்டால் எல்லாம் வடக்கு தெற்காகச் சுமார் 300 மீட்டர் தள்ளும். அது கண்ணில் படும். அட்சரேகை, தீர்க்கரேகையாக வந்த பழைய தரவில் தள்ளல் சில பத்து மீட்டர்தான். அது கண்ணில் படாது, வீடு பக்கத்து மனைக்குப் போயிருக்கும். ஆபத்து இதுதான்.

லோ அமைப்பில் அச்சுகளும் தலைகீழ். ஒய் மேற்கு நோக்கியும் எக்ஸ் தெற்கு நோக்கியும் கூடும். குறியை மாற்றாமல் வழக்கமான கிழக்கு, வடக்கு என்று ஏற்றினால் டர்பன் கோயில் கெய்ரோவுக்கு அருகே போய் உட்காரும். இதையாவது சிரித்துக்கொண்டே திருத்திவிடலாம்.

எல்லாப் பழைய தாள்களையும் மாறாத அடையாளங்களால் பொருத்துங்கள்: ரயில் சந்திப்பு, பாலத்தின் முனை, முக்கோண அளவைக் கல். நிற்கும் அடையாளம் குறைந்தது ஆறு வேண்டும். அவற்றில் இரண்டைப் பொருத்தலுக்குப் பயன்படுத்தாமல் சரிபார்ப்புக்கு ஒதுக்குங்கள். அந்த இரண்டில் வரும் பிழை 8 மீட்டர் என்றால், 8 மீட்டருக்குக் குறைந்த எந்த நகர்வையும் மாற்றம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை.

## 7. மாற்றத்தைப் பதிவது

செய்ய வேண்டியவை மூன்றே: பழைய வரிசையின் முடிவைப் போடு, புதிய வரிசையைச் சேர், வம்சாவளியில் எழுது. மூன்றும் ஒரே பரிவர்த்தனைக்குள், அதாவது மூன்றும் சேர்ந்தே பதிய வேண்டும், இல்லையேல் ஒன்றும் பதியக் கூடாது. பாதியில் மின்வெட்டு வந்தால், தாய் மூடப்பட்டும் சேய் பிறக்காமலும் நிற்கக் கூடாது.

எல்லையின் மாறாத பக்கங்களை மறுபடி வரையாதீர்கள். பழைய வடிவத்தை நகலெடுத்து மாறிய பக்கத்தை மட்டும் திருத்துங்கள். கையால் திரும்ப வரைந்த கோடு அரை மீட்டராவது விலகும். இரண்டு ஆண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒப்பிட்டால், ஊரெங்கும் தலைமுடி போல மெல்லிய பொய் மாற்றங்கள் முளைக்கும்.

போஸ்ட்கிரெஸ்ஸில் தொடக்கத்தையும் முடிவையும் தேதி வரம்பு என்ற ஒரே ஃபீல்டாக வைத்து, ஒரே பொருள் எண்ணுக்கு இரண்டு வரம்புகள் மேற்படியக் கூடாது என்று எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் போடலாம். அதற்கு முன் பிட்ரீ-ஜிஸ்ட் (btree_gist) நீட்சியை நிறுவ வேண்டும். இல்லையென்றால் புரியாத பிழைச்செய்தி வரும். பதிவுக் காலமும் வைத்திருந்தால், அந்த வரம்பையும் இதே கட்டுப்பாட்டில் சேருங்கள். சேர்க்காவிட்டால் திருத்தி எழுதிய வரிசையைத் தரவுத்தளமே திருப்பி அனுப்பும். ஓட்டைகளை இந்தக் கட்டுப்பாடு பிடிக்காது, அம்பலவாணர் போல உண்மையான ஓட்டைகளும் உண்டு. எனவே ஓட்டைப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுங்கள்.

## 8. இப்போது கடிகாரப் பொத்தான்

லேயர் பண்புகளில் டெம்போரல் பக்கத்தைத் திறந்து, டைனமிக் கட்டுப்பாட்டை இயக்குங்கள். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தனித்தனி ஃபீல்டு என்ற தேர்வை எடுங்கள். வரம்பில் 'தொடக்கம் சேர்த்து, முடிவு விலக்கி' என்பதைத் தேர்வு செய்யுங்கள். நான்காம் படியின் விதிக்கு அதுதான் பொருந்தும். முடிவு காலியாக இருந்தால் இன்றும் தொடர்வதாகவே எடுத்துக்கொள்ளும்.

அதிகம் கேட்கப்படும் புகார்: 'பழைய எல்லையும் புதிய எல்லையும் ஒன்றாகத் தெரிகிறது.' பெரும்பாலும் தரவில் தவறில்லை. கடிகாரம் ஓடும்போது வரும் ஒரு சட்டகம் (ஒரு காட்சி) என்பது ஒரு நொடியல்ல, ஒரு கால நீளம். அந்த நீளத்தை 10 ஆண்டு என்று வைத்தால், அந்தப் பத்தாண்டில் எப்போதாவது இருந்த எல்லாமே தெரியும். நீளத்தைக் குறையுங்கள்.

## 9. எல்லை மாறிய வட்டாரங்களை ஒப்பிடுவது

டர்பன் அடங்கிய ஈத்தெக்வினி மாநகரில் 2011 தேர்தலுக்கு 103 வார்டு, 2016க்கு 110, 2021க்கு 111. வார்டு எண்கள் மறுபடி பயன்படுத்தப்படுகின்றன. 2011இன் 70ஆம் வார்டும் 2021இன் 70ஆம் வார்டும் ஒரே நிலப்பரப்பு என்று எந்த உத்தரவாதமும் இல்லை. திறவுகோல் ஆண்டும் எண்ணும் சேர்ந்தது.

மாநகர எல்லையும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 2016இல் வுலமெஹ்லோ நகராட்சி கலைந்து, ஒரு பகுதி ஈத்தெக்வினிக்கும் மற்றது உம்டோனிக்கும் போயிற்று. 2011 கணக்கெடுப்பில் ஈத்தெக்வினி மக்கள்தொகை 34,42,361. அதை 2022 கணக்கோடு அப்படியே கழித்தால் எல்லை விரிவும் பிறப்பும் ஒரே கூடையில் விழும்.

பரப்பளவு விகிதத்தில் பங்கிடுவது கடைசி வழி. வார்டில் பாதி கரும்புத் தோட்டம், பாதி நெருக்கமான வீடுகள் என்றால் பரப்பு விகிதம் கரும்புக்கு நடுவே ஆட்களைக் குடியேற்றும். கிடைக்கிற மிகச் சிறிய கணக்கெடுப்பு அலகிலிருந்து மேலே கூட்டுங்கள். தலையெண்ணிக்கையை மட்டும் பங்கிடலாம். சதவீதத்தையும் இடைநிலை வருமானத்தையும் பங்கிடவே கூடாது.

## 10. செயற்கைக்கோள் படங்களில் மாற்றம்

ஏப்ரல் 2022 வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை ஒப்பிடுவது எல்லாரும் செய்யும் பயிற்சி. எல்லாரும் விழும் குழியும் அதிலேயே இருக்கிறது. 25 ஜனவரி 2022இல் வந்த செயலாக்கப் பதிப்பு 04.00 முதல், ஒவ்வொரு பிக்சல் மதிப்பிலும் 1000 கூடுதலாகச் சேர்ந்துள்ளது. 2021 படத்தோடு கழித்தால், ஒன்றும் மாறாத இடத்திலும் 0.1 பிரதிபலிப்பு வேறுபாடு வரும். படத்தின் விவரக் கோப்பில் பதிப்பு எண்ணைப் பாருங்கள், 04.00 அல்லது அதற்கு மேல் என்றால் 1000ஐக் கழித்துவிட்டுத்தான் எந்தக் கணக்கும். பழைய படங்களை மறுசெயலாக்கம் செய்து வெளியிட்ட தொகுப்பிலும் இதே கூடுதல் உண்டு. எனவே படம் எடுத்த தேதியை நம்ப வேண்டாம், பதிப்பு எண்ணை நம்புங்கள்.

பருவத்தையும் பொருத்துங்கள். டர்பனுக்கு வடக்கே கரும்பு வெட்டு நடக்கும் மாதத்தையும் நடக்காத மாதத்தையும் ஒப்பிட்டால், வெட்டிய வயல் ஒவ்வொன்றும் அழிவாகத் தெரியும். ஆற்று முகத்துவாரங்களுக்கு அலையேற்ற நேரமும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உம்கேனி வாயில் ஒரு மணல்திட்டு 'காணாமல் போனதாக' எழுதுவதற்கு முன், படம் எடுத்த நேரத்தில் கடல் ஏறியிருந்ததா என்று அலை அட்டவணையைத் திறந்து பாருங்கள். படத்தின் நேரம் பொது நேரத்திலும் அட்டவணை உள்ளூர் நேரத்திலும் இருக்கும், 2 மணியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.